பூஷணம் வேறு, பி.ஏ. வேறு

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீதியில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் தவில்காரர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். பவானியில் அவர் அப்பா காலத்திலிருந்து பழக்கம்.

"ஏனுங்க வாத்தியாரே, பையன் எட்டாவதோட நின்னுட்டானுங்க. தவுலு நல்லா வாசிக்கறான். இவனும் காலேஜு படிக்க வழி இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றேன். அந்த வழி வந்த கதை கொஞ்சம் நீளம்.

கூடுதுறை சங்கமேசுவரர் சந்நிதியில் வாசித்த அவருடைய முன்னோர்கள் யாரும் பள்ளியில் இசை படிக்கவில்லை. அப்பனிடமோ தாய்மாமனிடமோ கற்றார்கள். பிறகுதான் கல்லூரி வந்தது. 1929-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார். பின்னாளில் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அங்கே படித்தவருக்கு 'சங்கீத பூஷணம்' என்று பட்டம். 1949-ல் சென்னையில் அரசாங்கமே கர்நாடக இசைக் கல்லூரி திறந்தது. முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல் முதல்வர். நம் தலைமுறை கோயில் திருவிழாக்களில் கேட்டு மயங்கிய சீர்காழி கோவிந்தராஜன் முதலில் தமிழ் இசைக் கல்லூரியில் 'இசைமணி' வாங்கி, அப்புறம் இந்த அரசுக் கல்லூரிக்கு வந்து 'சங்கீத வித்வான்' ஆனவர்தான். ஒரு கல்லூரியிலிருந்து அடுத்த கல்லூரிக்குப் படியேறுவது அன்றைக்கே உண்டு.

ஆனால் பூஷணமும் வித்வானும் பி.ஏ. ஆகாது. பாட்டு வாத்தியார் வேலைக்குச் செல்லும், அவ்வளவுதான். இந்தச் சுவரைத் தாண்டியவர்களில் எனக்குப் பிடித்தவர் எஸ். ராமநாதன். 1917-ல் பிறந்தவர், அண்ணாமலையில் பூஷணம். கச்சேரி செய்தார், கல்லூரிகளில் சொல்லிக்கொடுத்தார். ஐம்பதைத் தாண்டிய பிறகு அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து 1974-ல் முனைவர் பட்டம் பெற்றார். இளங்கோவடிகளின் இசையைப் பற்றிப் பட்டம் வாங்க கனெக்டிகட் வரை போக வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும்.

அந்த நாட்டில் இன்னொரு வசதியும் உண்டு. பக்கத்து ஊர்க் கல்லூரியில் குறைந்த செலவில் இரண்டு வருஷம் இசை படித்து, அந்த மதிப்பெண்களோடு பல்கலைக்கழகத்துக்கு மாறி மிச்சத்தை முடிக்கலாம்.

நம்மிடம் அதற்குக் கிட்டத்தட்ட உள்ளது மாவட்ட அரசு இசைப் பள்ளி. தமிழ்நாட்டில் 17 இருக்கின்றன, ஈரோட்டிலும் ஒன்று. பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்தைந்து வரை சேரலாம். குரலிசை, வயலின், மிருதங்கம், பரதம் படிக்க ஏழாவது தேறியிருக்க வேண்டும். நாதசுரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். இந்த விதியை எழுதியவர் யாரோ, நம் மேளக்காரர் வீடுகளை அறிந்தவர். மூன்று வருஷம் முடித்தால் சான்றிதழ். அதற்கு மேலே கோவை மலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரி. 2013-ல் சென்னையில் இசைக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் வந்துவிட்டது.

சிக்கல் நடுவில்தான். பட்டயத்துக்குப் பத்தாவது வேண்டும், பி.ஏ.வுக்குப் பிளஸ் டூ வேண்டும். கைவிரலில் எவ்வளவு வித்தை இருந்தாலும் அந்தத் தாள் இல்லாமல் நடக்காது.

இதைச் சொன்னதும் தவில்காரர் முகம் வாடிவிட்டது. "முகூர்த்த நாள்ல அவன் வரலீன்னா ஒரு ஆளுக்குக் கூலி குடுத்துக் கூட்டிட்டுப் போகோணுமுங்க" என்றார். அதுவும் நியாயம்தான். தையிலும் வைகாசியிலும் சம்பாதிப்பதில்தான் அந்த வீட்டில் மற்ற மாதங்கள் ஓடுகின்றன.

ஒரு மாதம் யோசித்துவிட்டு அனுப்பினார். பையன் இப்போது பவானியிலிருந்து தினமும் ஈரோட்டுக்குப் பஸ்ஸில் போய் வருகிறான். தனித்தேர்வராகப் பத்தாவது எழுதச் சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் பாடம். தமிழ் தேறிவிடுவான். கணக்குத்தான் தகராறு. ஆதி தாளத்தில் திஸ்ரம் போட்டுக் கோர்வையைச் சமத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறவன், மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு என்று கேட்டால் விழிக்கிறான். போன வாரம் பலகையைத் தள்ளிவைத்துவிட்டு, தொடையில் தட்டிக் காட்டச் சொன்னேன். உடனே சரியாகச் சொன்னான்.