மனநலச் சேவையும் சமூக ஏற்பும்: சென்னைத் தெற்குப் புறநகர் ஆய்வுகள்

தீவிர மனநோய் உள்ளவர்கள் ஊரில் எல்லோரையும் போல வாழ என்ன உதவி வேண்டும் என்பதை ஆராயும் துறையில், பழைய காஞ்சிபுரம் மாவட்டம் முக்கியமான களம். அதன் ஒரு பகுதி 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டமாக உள்ளது.

தொடக்கம்

இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எம். சாரதா மேனன் 1984இல் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு ஆர். தாராவும் சக ஆய்வாளர்களும் மனச்சிதைவு நோயோடு மணமுறிவுக்கும் ஆளான பெண்களை ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். நோயால் வரும் அவப்பெயரைவிட, வாழாவெட்டி என்ற பேச்சே பல குடும்பங்களை அதிகம் வாட்டியது.

காப்சி ஆய்வு

காஞ்சிபுரம், கோவா, சத்தாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரிடம் நடந்த ஆய்வு இது. 187 பேருக்கு மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களின் உதவி வீட்டிலேயே கிடைத்தது. 95 பேருக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். 2014இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகள் வெளியாயின. ஓராண்டில் முதல் குழுவினரின் அன்றாட இயலாமை ஓரளவு குறைந்தது. தமிழ்நாட்டுக் களத்தில் இப்பலன் தெளிவாகத் தெரிந்தது. மனநல மருத்துவர்கள் அரிதான ஊர்களுக்கு இது நம்பிக்கை தரும் முடிவு.

வீடு என்னும் சிகிச்சை

வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் ‘தி பேனியன்’ அமைப்பைத் தொடங்கி, மனநோயோடு தெருவில் வாழ்ந்த பெண்களுக்கு அடைக்கலம் தந்தனர். குணமான பிறகும் திரும்பிச் செல்ல வீடில்லாதவர்களுக்காக 2015இல் ‘ஹோம் அகெய்ன்’ உருவானது. நான்கைந்து பேர் சாதாரணத் தெருவில் வாடகை வீடெடுத்துச் சேர்ந்து வாழ்கிறார்கள், உதவியாளர்கள் துணைநிற்கிறார்கள். சமையல், கடைக்குப் போவது, அக்கம்பக்கத்துப் பழக்கம் எல்லாம் அவர்கள் விருப்பப்படியே. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி இதை நல்ல முன்மாதிரிகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

சட்டமும் கடமையும்

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தனர். அடைத்துவைப்பது பராமரிப்பு ஆகாது என்பதை நாடு அன்று கண்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, சமூகத்தில் வாழும் உரிமையை உறுதிசெய்கிறது. குடும்பமோ வீடோ இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது அப்பிரிவு. அதற்கு இடைநிலை இல்லங்களும் துணையுடன் வாழும் வீடுகளும் தேவை. அவற்றை அமைப்பதும் சட்டப்படி அரசின் பொறுப்பே. மாத்திரையும் ஊசியும் நோயைத் தணிக்கும். ஊரோடு வாழ வீடும் துணையும் வேண்டும் என்பதே இந்த ஆய்வுகளின் சாரம்.