சப்ளையர் எப்போது தூங்குவார்?

மதுரையின் இரவுக்கடை உழைப்பாளியை முதலில் பதிவு செய்தவர் மாங்குடி மருதனாராகத்தான் இருக்க வேண்டும். பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி என்று கூடிய சந்தைகளைப் பாடிய மதுரைக்காஞ்சி, இரவு முதிர்ந்த பிறகு அப்ப வணிகர்களான கூவியர் தங்கள் பண்டங்களோடு உட்கார்ந்தபடியே தூங்கிவழிவதையும் காட்டுகிறது. ஊரின் பெருமையைச் சொல்ல வந்த பாட்டில் இந்த அசதிக்கும் இடம் கிடைத்தது வியப்புதான்.

பிறகு ரயில் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி மில்லும் வந்தது. அகாலத்தில் பசிக்கும் கூட்டம் பெருகியது. இட்லிச்சட்டியும் பரோட்டாக் கல்லும் இரவெல்லாம் சூடாக இருந்தன. மழை பொய்த்த ஆண்டுகளில் சுற்றுக் கிராமத்துப் பையன்களுக்கு ஓட்டல் வேலை ஒரு புகலிடம். சம்பளம் கொஞ்சம், சாப்பாடு உண்டு, படுக்கக் கடையிலேயே இடம். சிக்கலும் அங்கேதான். கடையில் படுப்பவனுக்கு வேலை முடியும் நேரம் எது?

சட்டம் மணிக்கணக்கில்தான் யோசித்தது. கடைகளோடு உணவகங்களுக்கும் சேர்த்து வார விடுமுறைச் சட்டம் 1942இல் வந்தது. உணவகங்களுக்கென்றே 1958இல் மதராஸ் அரசு போட்ட தனிச் சட்டம் வேலை நேரத்துக்கும் ஓய்வுக்கும் வரம்பு கட்டியது. மேசை துடைக்கும் சிறுவர்களை விலக்கும் தடைக்கு 2006 அக்டோபர் 10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தீராத வேலை அழுத்தத்தால் வரும் சோர்வு, வேலையில் வெறுப்பு, திறன் குறைதல் ஆகிய மூன்றையும் சேர்த்து, பணி சார்ந்த ஒரு நிலையாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது. அதே ஆண்டில்தான் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கத் தமிழக அரசு அனுமதித்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரம் ஒருநாள் விடுப்பு என்ற நிபந்தனைகளும் உண்டு. நாலைந்து பேர் நடத்தும் தெருவோரப் பரோட்டாக் கடை இந்தக் கணக்கில் வராது.

அங்கே மாஸ்டர் மதியமே மாவு பிசைய நிற்பார். நள்ளிரவு தாண்டியும் கல் முன்னால்தான். சோர்வு முதலில் பேச்சில் தெரியும்: சப்ளையர் வெடுக்கென்று பதில் சொல்வார். பிறகு ஆர்டர் மாறும், பரோட்டா கருகும். முதலாளி அதைத் திமிர் என்பார். மாஸ்டரோ எந்தப் புகாரும் சொல்லாமல், ஊரில் விசேஷம் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அடுத்த வாரம் வேறொரு கடையில் அட்வான்ஸ் வாங்கியிருப்பார்.