நோயாளர் தகுதியும் காப்பீட்டு உரிமையும்

நீடித்த நோயுடையாரின் மருத்துவச் செலவினை அரசு ஏற்றல் வேண்டும் என்னும் கொள்கை சட்டமாக உருப்பெற்ற வரலாறுகளுள், அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சிறுநீரக நோயாளர் வரலாறு சிறப்பாக நோக்கற்பாலது. அந்நாட்டின் 1972-ஆம் ஆண்டுச் சட்டம், நோயாளர் ஒருவர் சட்டமன்றக் குழுவின் முன் செய்துகாட்டிய செயலின் விளைவே எனப் பலரும் கூறுவர். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

குருதியைத் தூய்மை செய்யும் டயாலிசிஸ் கருவி 1960-க்கு முன்னரே வழக்கில் இருந்தது. ஆயினும், ஒவ்வொரு முறையும் குருதிக்குழாயைப் புதிதாக அறுத்துத் திறக்க வேண்டியிருந்தமையின், சிறுநீரகம் முற்றும் செயலிழந்தார்க்கு அது நெடுநாள் பயன்படவில்லை. 1960 மார்ச்சுத் திங்களில் சியாட்டில் நகர மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர், தமனியையும் சிரையையும் இணைத்துக் கையிலேயே நிலைத்திருக்கும் டெஃப்லான் குழாயினால் அக்குறையை நீக்கினார். அதனை முதற்கண் பெற்ற கிளைட் ஷீல்ட்ஸ் என்பார் மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

உய்யும் வழி பிறந்தது. ஆயின் அஃது எல்லார்க்கும் எட்டவில்லை. 1962-இல் சியாட்டிலில் தொடங்கப்பெற்ற நிலையத்தில் இடம் சிறிது, நாடி வந்தோர் பலர், செலவும் பெரிது. ஆகவே, எழுவர் கொண்ட குழு ஒன்று நோயாளரின் வயது, மணநிலை, பிள்ளைகள், வருவாய், தொழில் முதலியவற்றை ஆய்ந்து, இடம் பெறுவார் இன்னார் என வகுத்தது. அவ்வாண்டு நவம்பரில் ஷானா அலெக்சாண்டர் 'லைஃப்' இதழில் எழுதிய கட்டுரை இதனை நாடறியச் செய்தது. இந்நிலையில் 'தகுதி' என்னும் சொல் நோயைக் குறியாது, நோயுற்றாரின் சமுதாய மதிப்பையே குறித்தது என்க. நோயாளர் தாம் வாழத் தக்கவர் என்பதனை மெய்ப்பிக்க வேண்டியவராயினர்.

இம்முறைக்கு மாற்றினை அரசு அமைத்த காட்சாக் குழு 1967-இல் பரிந்துரைத்தது. நாடளாவிய சிகிச்சைத் திட்டம் வேண்டும் என்பது அதன் முடிபு. 1969-இல் டயாலிசிஸ் நோயாளரே தமக்கெனச் சங்கம் நிறுவினர். அதன் துணைத்தலைவராகிய ஷெப் கிளேசர், 1971 நவம்பர் 4-ஆம் நாள் பிரதிநிதிகள் சபையின் வருவாய்க் குழு முன் சான்றுரைத்தபொழுது, அவ்விடத்திலேயே டயாலிசிஸ் செய்துகொண்டார். செய்தித்தாள்கள் இதனைப் பரப்பின.

இச்செயலே சட்டத்திற்கு நேர்க் காரணம் என்பது பொருந்துமா? பொருந்தாது. அக்குழுவின் அன்றைய விசாரணை தேசிய மருத்துவக் காப்பீடு பற்றியது. சட்டமோ, ஏறத்தாழ 11 திங்கள் கழித்து, 1972 செப்டம்பர் 30-ஆம் நாள் செனட் அவையில் வான்ஸ் ஹார்ட்கி கொணர்ந்த திருத்தமாகத் தோன்றியது. சிறிது நேரமே நிகழ்ந்த உரையாடலின் பின் 52-க்கு 3 என்னும் வாக்குகளால் அது நிறைவேறியது. நெடிய வாதமின்றி நிறைவேறியமைக்குப் பத்தாண்டுகளாக நிலம் பண்படுத்தப்பட்டிருந்தமையே காரணம் எனக் கொள்வது பொருந்தும். கிளேசர் செயல் அப்பண்படுத்தலின் ஒரு கூறு; அதன் முழுமையன்று.

அக்டோபர் 30-ஆம் நாள் நிக்சன் ஒப்பமிட்ட அச்சட்டம் 1973 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1965-இல் 65 வயதினர்க்கும் மூத்தோர்க்கும் என ஏற்பட்ட மெடிக்கேர்க் காப்பீடு, சமூகக் காப்புறுதியில் உரிமையுடைய சிறுநீரக நோயாளர்க்கும் அவர்தம் வாழ்க்கைத் துணைவர், சார்ந்து வாழும் பிள்ளைகள் ஆகியோர்க்கும் வயது வரம்பின்றி விரிந்தது. 'தகுதி' என்பதன் பொருள் இதனால் திரிந்தது. ஒழுக்கமும் செல்வமும் பற்றிய வினா ஒழிந்து, நோயும் காப்புறுதி உரிமையும் பற்றிய வினாவே எஞ்சிற்று.

எனினும், ஒரு நோயினர்க்குக் கிட்டிய உரிமை ஏனை நீடித்த நோயினர்க்கு அவ்வாறே கிட்டிற்றிலது. சிறுநீரக நோயாளருள்ளும் குறை இருந்தது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றார் அதனைக் காக்கும் மருந்தினை நாள்தோறும் உட்கொள்ளல் வேண்டும். நோய் ஒன்றே காரணமாகக் காப்பீடு பெற்றவர்க்கோ அது 36 திங்களில் முடிவுற்றது. நோயாளர் அமைப்புகள் நெடுங்காலம் முறையிட்டதன் பயனாக, 2020 டிசம்பரில் சட்டம் திருத்தப்பெற்றது. வேறு காப்பீடு இல்லாதார்க்கு அம்மருந்துக்குரிய காப்பு 2023 சனவரி முதல் நீடித்தது.

இவற்றால், நோயாளர் குரல் ஒரு நாள் நிகழ்ச்சியாக நில்லாது, அமைப்பாகத் திரண்டு தொடர்ந்து ஒலிக்குமிடத்தே இரக்கம் உரிமையாகின்றது என்பது பெறப்படும். பெற்ற உரிமையின் எல்லையைப் பின்னும் வினவுதல் அவ்வமைப்பின் கடனாம்.