பழைய படங்களில் ஜொகூர் பாரு: மறைந்த கட்டடங்களும் மறைத்த கதைகளும்

பொன்விழா மலருக்குப் பழைய படங்கள் சேர்க்கும் பொறுப்பைச் சங்கம் எனக்கும் இரண்டு நண்பர்களுக்கும் கொடுத்தது. நான் எழுத்தாளன் அல்லன். பாலிடெக்னிக்கில் கட்டடத் துறையில் டிப்ளமோ முடித்துவிட்டு, அத்தாவின் மளிகைக் கடையைக் கவனித்து வருபவன். கட்டடம் படித்தவனுக்குப் பழைய தெருவை அடையாளம் தெரியும் என்று பெரியவர்கள் நினைத்திருக்கலாம்.

உறுப்பினர் வீடுகளிலிருந்து பிஸ்கட் டின்னிலும் பழைய ஆல்பத்திலும் படங்கள் வந்தன. நிக்காஹ், கடைத் திறப்பு, ஹஜ்ஜுக்கு வழியனுப்பியது, ஊரிலிருந்து வந்த புதிதில் ஸ்டூடியோவில் நின்று எடுத்துக்கொண்டது. பெரும்பாலான படங்களின் பின்புறம் ஒன்றும் எழுதப்படவில்லை. எந்த ஆண்டு, எந்தத் தெரு என்று நாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதற்குச் சில அடையாளங்கள் உண்டு. பின்னால் புக்கிட் திம்பாலான் மேட்டில் சுல்தான் இப்ராஹிம் கட்டடத்தின் கோபுரம் முழுமையாக நின்றால், படம் 1940ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ எடுத்தது. நீரிணையின் குறுக்கே கடற்பாலம் இல்லையென்றால் 1920களுக்கு முந்தையது. அந்தப் பாலத்தில் 1923இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1924இல் திறப்பு விழா நடந்தது. 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தில் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தது.

தேடத் தேட, படத்தில் உள்ள இடங்களில் பல இன்று இல்லை என்பது தெரிந்தது. லும்பா கூடா அடுக்குமாடி வீடுகள் இருந்த பகுதியில் இன்று நாம் சிங்கப்பூருக்குப் போகக் கடக்கும் சுங்க, குடிநுழைவு வளாகம் நிற்கிறது. அது 2008 டிசம்பரில் திறக்கப்பட்டது. லும்பா கூடா என்றால் குதிரைப் பந்தயம். வீடுகள் போனாலும் பெயர் பழைய பந்தயத்தை நினைவூட்டுகிறது. புக்கிட் சாகார் அடுக்குமாடிகளும் போய்விட்டன. ரயிலுக்கு 2010இல் புது நிலையம் வந்துவிட்டது. ஊரின் நடுவே ஓடிய சுங்கை செகெட் ஆற்றை நம் கண்முன்னேயே மூடினார்கள். பிறகு மறுபடி திறந்தார்கள்.

இந்த ஆற்றங்கரையில்தான் நம் ஊரின் பேசப்படாத கதையும் இருக்கிறது.

1855இல் தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் காலத்தில் தஞ்சோங் புத்ரி என்ற பெயரில் தொடங்கிய இந்த ஊருக்கு, 1866இல் அவருடைய மகன் அபு பக்கார் ஜொகூர் பாரு என்று பெயர் வைத்தார். அதே ஆண்டில் முடிந்த இஸ்தானா பெசார் அரண்மனையைக் கட்டியவர் வோங் ஆ ஃபூக். 1854இல் சீனாவிலிருந்து தச்சுத் தொழிலாளியாகச் சிங்கப்பூருக்கு வந்தவர். பிற்காலத்தில் செகெட் ஆற்றை ஒட்டி அவருக்கு நிலம் கிடைத்தது. அங்கே கடைகள் எழும்பின. கம்போங் வோங் ஆ ஃபூக் என்று அந்தப் பகுதிக்குப் பெயர் வந்தது. கடைகளோடு சூதாட்டம் நடத்தும் உரிமையும் அவரிடம் இருந்தது.

இன்றைய பிள்ளைகளுக்கு இது வியப்பாக இருக்கும். அந்தக் காலத்தில் அபின், சூதாட்டம், சாராயம் ஆகியவற்றை விற்கவும் நடத்தவும் அரசுகள் ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுத்தன. குத்தகைதாரர் அரசுக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு, மிச்சத்தைத் தாம் எடுத்துக்கொள்வார். ஜொகூர் மட்டும் இப்படிச் செய்யவில்லை. பிரிட்டிஷார் ஆண்ட சிங்கப்பூரில் 19ஆம் நூற்றாண்டின் பல ஆண்டுகளில் அரசு வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபின் குத்தகையிலிருந்து வந்தது. காட்டை அழித்துக் காம்பிரும் மிளகும் பயிரிட்ட கூலிகளின் சம்பளமே அபின் புகையாகவும் சூதாட்டப் பாயிலும் திரும்பிப் போனது.

சிங்கப்பூரில் சூதாட்டக் குத்தகையை 1829இலேயே நிறுத்திவிட்டார்கள். ஜொகூரில் அது தொடர்ந்தது. 1903இல் சிங்கப்பூர் ரயில் உட்லண்ட்ஸ் வரை வந்ததும், அங்கே இறங்கிப் படகேறினால் சில நிமிடங்களில் ஜொகூர் பாரு. சூதாடுவதற்கென்றே அக்கரையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இன்று வெள்ளிக்கிழமை மாலையில் பாலத்தில் நெரிசலைப் பார்த்து அலுத்துக்கொள்கிறோம். அக்கரைப் பணம் இக்கரைக் கடையில் செலவாவது நூறு ஆண்டுக்கு மேலான பழக்கம்.

இதையெல்லாம் பழைய படங்களில் நேராகப் பார்க்க முடியாது. 1867இல் சிங்கப்பூரில் தொடங்கிய லாம்பர்ட் ஸ்டூடியோ போன்றவர்கள் ஜொகூருக்கு வந்து படம் எடுத்தார்கள். ஆனால் பெரிய கேமராவைத் தூக்கி வந்தது அரண்மனைக்கும், 1900இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசலுக்கும், கடற்கரைக்கும். பணம் கொடுத்துச் சூதாட்டக் கொட்டகையைப் படம் எடுக்கச் சொல்ல யார் இருந்தார்கள்? அந்த வாழ்க்கை தெரிவதெல்லாம் படத்தின் ஓரத்தில்தான். ஒரு கதவு, ஒரு பலகை, உட்கார்ந்திருக்கும் நான்கு பேர்.

அதனால் ஓரத்தைப் பார்க்கப் பழகினோம். அப்போதுதான் எங்கள் வீட்டுப் படமே என் கையில் இடறியது.

என் பாட்டனார் ஜாலான் வோங் ஆ ஃபூக்கை ஒட்டிய சந்து ஒன்றில், ஐந்தடியில் டீக்கடை வைத்திருந்தார். கடை முன்னால் அவர் கைலி கட்டி, தோளில் துண்டுடன் நிற்கும் படம் எங்கள் வீட்டு ஹாலில் நாற்பது ஆண்டுகளாகத் தொங்குகிறது. ஸ்கேன் செய்யச் சட்டத்திலிருந்து எடுத்தபோதுதான் கவனித்தேன். மற்ற மூன்று பக்கமும் வெள்ளை விளிம்பு இருந்தது, இடப்பக்கம் இல்லை. கத்தரியால் வெட்டியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு உறுப்பினர் கொண்டுவந்த பெட்டியில் அதே படம் வெட்டப்படாமல் இருந்தது. அவருடைய பாட்டனாரும் அதே கடையில் வேலை பார்த்தவர். அதில் இடப்பக்கம் ஒரு பெஞ்சு. பெஞ்சில் ஒருவர் குனிந்து சிறு நோட்டில் ஏதோ எழுதுகிறார். அவரைச் சுற்றி மூன்று பேர். ஒருவர் கையில் காசு.

எண்பதைத் தாண்டிய என் பெரியத்தாவிடம் இரண்டு படங்களையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நான்தான்பா வெட்டினேன். உங்க மாமிக்குச் சம்பந்தம் பேசின நேரம். மாப்பிள்ளை வீட்டுக்கு ஊருக்குப் படம் அனுப்பணும்னாங்க. கடை வாசல்ல நம்பர் எழுதுறவன் உட்கார்ந்திருக்கிறதை எப்படி அனுப்புறது?"

அது சாப்ஜிகி. ஒன்று முதல் பன்னிரண்டு வரை உள்ள எண்களில் இரண்டைச் சொல்லிப் பணம் கட்டும் கள்ள லாட்டரி. சிங்கப்பூரிலும் இங்கும் வீடு வீடாகவும் கடை கடையாகவும் ஆள் வைத்து எழுதினார்கள். குத்தகைச் சூதாட்டம் ஒழிந்தபின் அந்த ஆசை சந்துக்குள் போய்விட்டது.

"பாட்டனார் அவரை விரட்டவில்லையா?" என்று கேட்டேன்.

"அத்தா ஒரு நாளும் நம்பர் எழுதினதில்லை. அது எனக்குத் தெரியும். ஆனா அவன் பெஞ்சுல உட்கார்ந்தா நாலு பேர் வருவான், நாலு டீ போகும். பொய் சொல்ல மாட்டேன்பா. அந்த டீக் காசும் சேர்ந்துதான் ஊருக்கு மணியார்டர் போச்சு. அத்தாவுக்கு அது மனசுல உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. பின்னாடி கடையை வேற தெருவுக்கு மாத்தினார். அங்க வியாபாரம் பாதிதான்."

கடை மாறிய கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். வாடகை ஏறியதால் மாறினார் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பாதி வருமானத்தை விட்டுவிட்டுப் போனார் என்பது அன்றுதான் தெரிந்தது. பெருமைப்பட வேண்டிய செய்தியும் அந்த வெட்டிய துண்டோடு சேர்ந்து போய்விட்டது.

எந்தப் படத்தை மலரில் போடுவது என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. நம் சங்க மலரில் சூதாட்டப் படமா என்று சிலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. பெஞ்சில் இருப்பவருக்கும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைத் தலைகுனிய வைப்பது நம் நோக்கமன்று. அவர் முகம் படத்தில் தெரியவில்லை. பெயர் எங்களுக்குத் தெரிந்தாலும் போடவில்லை. ஜாலான் இப்ராஹிமில் உள்ள சீனர் மரபு அருங்காட்சியகத்தில், ரகசியச் சங்கமாக இருந்த நீ ஹெங் கொங்சியின் வரலாற்றையும் மறைக்காமல் சொல்கிறார்கள் என்பதை ஒரு நண்பர் நினைவூட்டினார். கடைசியில் பெரியத்தாவே சொன்னார்: "முழுசாவே போடுங்க. வெட்டினதுக்கு நான் வருத்தப்பட்டுட்டேன்."

அதனால் முழுப் படமும் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது.

நம் முன்னோர் வந்து இறங்கிய ஊர் தூய்மையான ஊர் அல்ல. அபினும் சூதும் மேல்டிரம் சாலையின் இரவு வியாபாரமும் சுற்றியிருந்த தெருக்களில்தான் அவர்கள் அதிகாலையில் அடுப்பு மூட்டினார்கள், பிள்ளைகளை ஓதவைத்தார்கள், சங்கம் அமைத்தார்கள். சுற்றியிருந்ததை மறைத்துவிட்டால், அவர்கள் எதிலிருந்து விலகி நின்றார்கள் என்பதும் தெரியாமல் போகும். சில நேரம் விலக முடியாமல் தவித்ததும் தெரியாமல் போகும்.

உறுப்பினர் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் உள்ள பழைய படங்களை வெட்டாதீர்கள், சட்டத்துக்குள் மடிக்காதீர்கள். பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, யார், எங்கே, எப்போது என்று கேட்டுப் படத்தின் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். ஸ்கேன் செய்தால் 600 டிபிஐக்குக் குறையாமல், விளிம்போடு செய்யுங்கள். சங்கத்தில் கொண்டுவந்து கொடுத்தால் நாங்களே செய்து, படத்தைப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

எங்கள் வீட்டு ஹாலில் இப்போது முழுப் படம் தொங்குகிறது. வெட்டிய படத்தை நான் எறியவில்லை. முழுப் படத்தின் பின்புறம் உறையில் போட்டு ஒட்டி, வெட்டியவர் யார், ஏன் என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். கீழே பெரியத்தா தம் கையெழுத்தைப் போட்டார்.