கடைவாசலில் நின்ற கறுப்புத் தொப்பிகள்

2009ஆம் ஆண்டு. பாரிஸ் லாச்சப்பலில் ஒரு தமிழ்க் கடையில் இலங்கையில் செய்த பிஸ்கட் பெட்டியொன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தம்பி என் பையை எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, இலங்கைச் சாமான் வாங்காதேங்கோ எண்டு நாங்கள் கத்திக்கொண்டு நிக்கிறம். நீங்கள் வாங்கிக்கொண்டு போறியள். உங்கட பேர் என்ன?"

துண்டுப்பிரசுரத்தில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. பேரைக் கேட்டதுதான் வயிற்றைக் கலக்கியது. பேர் எழுதிக்கொண்டு போனவர்களுக்குப் பயந்து, 2006இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தவன் நான். பதில் சொல்லாமல் ரயிலுக்கு நடந்தேன். அந்தப் பெட்டியைக் கனநாள் திறக்கவேயில்லை.

ஒரு பொருளை வாங்காமல் விடுவது என் விருப்பம். வாங்காதே என்று எனக்குச் சொல்வது அவருடைய உரிமை. அந்த உரிமை எந்த இடத்தில் முடிகிறது? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர் பதினாறு வருடம் வழக்காடியும் போராடியும் விடை கண்டது.

மிசிசிப்பி மாநிலத்தின் போர்ட் கிப்சன் என்ற ஊர். 1966 மார்ச்சில் அங்குள்ள கறுப்பின மக்கள் வெள்ளை அதிகாரிகளிடம் ஒரு கோரிக்கைப் பட்டியல் கொடுத்தார்கள். பொது இடங்களில் நிறப் பிரிவினை ஒழிய வேண்டும், கறுப்பரையும் பொலிசில் சேர்க்க வேண்டும், கடைகளில் கறுப்பருக்கும் வேலை வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். வளர்ந்த மனிதர்களை 'பையா' என்று கூப்பிடாமல் மரியாதையாக அழைக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. பதில் வரவில்லை. ஏப்ரல் 1ஆம் திகதி தேவாலயத்தில் கூடி, வெள்ளையரின் கடைகளைப் பகிஷ்கரிப்பதென்று முடிவெடுத்தார்கள். முன்னின்றவர் சார்ள்ஸ் எவர்ஸ். 1963இல் சுட்டுக் கொல்லப்பட்ட மெட்கர் எவர்ஸின் அண்ணன்.

கடைவாசல்களில் கண்காணிப்பாளர்கள் நின்றார்கள். 'கறுப்புத் தொப்பிகள்' என்று அவர்களுக்குப் பெயர். தடையை மீறிக் கடைக்குள் போன கறுப்பினத்தவர்களின் பெயர்களைக் குறித்தார்கள். அந்தப் பெயர்கள் தேவாலயக் கூட்டத்தில் உரக்க வாசிக்கப்பட்டன, உள்ளூர்ப் பத்திரிகையிலும் வந்தன. அத்தோடு நிற்கவில்லை. மீறியவர்களின் வீடுகளை நோக்கி இரண்டு தடவை சுட்டார்கள். ஒருவரின் கார்க் கண்ணாடிக்குச் செங்கல் எறிந்தார்கள். இன்னொருவரின் பூந்தோட்டத்தை நாசமாக்கினார்கள்.

1969இல் 17 வெள்ளைக் கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். நான் வேலை செய்யும் றெஸ்ரோறண்டில் இரண்டு மேசை வெறுமையாக இருந்தாலே முதலாளியின் முகம் கறுத்துவிடும். ஆகவே கடைக்காரர்களின் கோபம் எனக்கு விளங்காமலில்லை. 1976இல் மாநில நீதிமன்றம், 1966 தொடக்கம் 1972 வரையான வியாபார நட்டத்தையும் சேர்த்து 12,50,699 டொலர் கட்டும்படி பகிஷ்கரித்தவர்கள்மேல் தீர்ப்பளித்தது. கல்லெறிந்தவருக்கும், சும்மா கூட்டத்துக்குப் போய் வந்தவருக்கும் ஒரே கணக்கு.

1982 ஜூலை 2ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டீவன்ஸ். அமைதியான பகிஷ்கரிப்பும் அதற்கான பேச்சும் ஊர்வலமும் அரசியல் சாசனம் காக்கிற உரிமைகள். வன்முறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வன்முறையால் வந்த நட்டத்துக்கு, அதில் பங்கெடுத்தவர்தான் பொறுப்பு. இயக்கத்தில் இருந்தார் என்பதற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது. இவ்வளவுதான் சாரம்.

பிரான்சுக்கு இது சுலபமாக வரவில்லை. மூலூஸ் பக்கத்தில் ஒரு பெரிய கடையில், 2009இலும் 2010இலும், இஸ்ரேலியப் பொருட்களை வாங்க வேண்டாம் என்று துண்டுப்பிரசுரம் கொடுத்தவர்களைப் பாகுபாட்டைத் தூண்டியதாக வழக்கில் இழுத்தார்கள். மூலூஸ் நீதிமன்றம் 2011இல் விடுவித்தது, கொல்மார் நீதிமன்றம் 2013இல் தண்டித்தது, 2015இல் பிரான்சின் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதிசெய்தது. கடைசியில் 2020 ஜூன் 11ஆம் திகதி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இந்தத் தண்டனை கருத்துச் சுதந்திரத்தை மீறியது என்றது. வன்முறைக்கோ வெறுப்புக்கோ அழைப்பாக மாறாதவரை அது அரசியல் பேச்சுத்தான். கவனியுங்கள், இவ்வளவு காலமும் வழக்கு நடந்தது வாங்காதே என்று சொன்னவர்கள்மேல்தான். வாங்காமல் போனவனை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

எனக்குச் சங்கடமான ஒன்றும் போர்ட் கிப்சன் தீர்ப்பில் இருக்கிறது. பெயரைக் குறித்து வாசித்து வெட்கப்படுத்துவதையும் அந்த நீதிமன்றம் குற்றமென்று சொல்லவில்லை. அந்தக் கணக்கின்படி லாச்சப்பல் தம்பி என் பேரைக் கேட்கலாம். நான் சொல்லாமலும் போகலாம். சட்டம் அதற்குள் வராது.

ஆனால் சட்டம் படிக்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்று அகதிக்குத் தெரியும். அந்த ஊரில் பெயர் வாசிப்பதற்கும் துப்பாக்கி வெடிப்பதற்கும் இடையில் ஒரு நீதிமன்றம் நின்றது, அதற்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பதின்மூன்று வருடம் பிடித்தது. எங்கட ஊரில் இரண்டுக்கும் இடையில் ஒன்றுமே நிற்கவில்லை.

இப்போதும் இலங்கைச் சாமான்களைப் பார்த்துத்தான் வாங்குகிறேன். சிலதை எடுக்கிறேன், சிலதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன். அந்தத் தம்பியை மறுபடி கண்டால் துண்டுப்பிரசுரத்தை வாங்கி முழுதும் வாசிப்பேன். பேரை மட்டும் கேட்க வேண்டாம் என்பேன்.