கடல் யாரைக் கேட்டு ஆளை எடுக்கிறது?

சாகித்திய அகாதெமி இன்று 24 மொழிகளின் நூல்களுக்கு விருது தருகிறது. அந்த நீண்ட பட்டியலில் கடலோர மக்களின் வாழ்வை முழுமூச்சாகப் பேசிய இரண்டு நாவல்களைச் சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒன்று, 1957இல் விருது பெற்ற தகழி சிவசங்கரப் பிள்ளையின் மலையாள நாவல் 'செம்மீன்'. மற்றது, 2013இல் விருது பெற்ற ஜோ டி குருஸின் 'கொற்கை'. இடையில் 56 ஆண்டுகள்.

இரண்டையும் படித்து முடித்தபோது என்னிடம் தங்கிய கேள்வி ஒன்றுதான். கடலுக்குப் போன ஆள் ஏன் திரும்பி வரவில்லை? கரையில் இருந்த குடிசை ஏன் போயிற்று? இந்தக் கேள்விக்கு இரு நாவல்களும் வெவ்வேறு பதில் வைத்திருக்கின்றன.

செம்மீனின் பதில் எல்லோரும் அறிந்தது. கரையில் இருக்கும் மனைவி கற்போடு இருந்தால் கடலுக்குப் போனவன் பத்திரமாக வருவான். அவள் தவறினால் கடலம்மா அவனை விழுங்கிவிடுவாள். நாயகி கறுத்தம்மா, தான் காதலித்த மீன் வியாபாரி பரீக்குட்டியை மறக்க முடியாமல் தவிக்கிறாள். அவள் கணவன் பழனி சுறாவோடு போராடிக் கடலுக்குள் போகிறான். தகழியின் கை தேர்ந்த கை. கறுத்தம்மாவின் தவிப்பு மெய்யானது. அதனாலேயே அந்த நம்பிக்கையும் மெய்யென்று வாசகர் மனத்தில் பதிந்துவிட்டது.

தகழி குட்டநாட்டு வயற்காட்டில் பிறந்தவர், அம்பலப்புழையில் வக்கீலாக இருந்தவர். கடற்கரையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர், படகேறிப் பிழைத்தவர் அல்ல. நாவல் வந்த உடனேயே இதைச் சுட்டிக்காட்டி ஒரு குரல் எழுந்தது. கொல்லம் பக்கத்துக் கடற்கரையில் பிறந்து, மருத்துவம் படித்து, 'அரயன்' என்ற இதழையும் நடத்திய வேலுக்குட்டி அரயன், செம்மீனை மறுத்துத் தனி நூலே எழுதினார். எங்கள் தொழிலையும் எங்கள் பெண்களையும் இந்த நாவல் தவறாகக் காட்டுகிறது என்பது அவர் வாதம். செம்மீனைப் பாராட்டிய கட்டுரைகள் பல படித்திருக்கிறேன். அவற்றுள் அரயனின் பெயரைச் சொன்னவை மிகச் சில. இது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

ஆனாலும் செம்மீனில் காசிமேட்டுக்காரர் உடனே தலையாட்டும் இடம் ஒன்று உண்டு. அது காதல் அல்ல, கடன். படகும் வலையும் வாங்கக் கறுத்தம்மாவின் தந்தை செம்பன்குஞ்சு பரீக்குட்டியிடம் கைநீட்டுகிறான், பிடிபடும் மீனை அவனுக்கே போடுவதாக வாக்குக் கொடுக்கிறான், மீன் வந்ததும் வாக்கை மறக்கிறான். பரீக்குட்டி நொடித்துப்போகிறான். விடிவதற்கு முன் காசிமேட்டு ஏலக்களத்தில் நின்றால், இந்தக் கணக்கு இன்றும் உயிரோடு இருப்பது தெரியும். டீசலுக்கும் ஐசுக்கும் முன்பணம் கொடுத்தவர் ஒருவர் இருப்பார். பத்துப் பதினைந்து நாள் தங்கி வந்த விசைப்படகின் வஞ்சிரமும் சங்கராவும் அவர் வழியாகத்தான் போகும். செலவு கழித்து மிஞ்சுவதில்தான் படகேறியவர்களுக்குப் பங்கு. தகழி இந்தச் சரடைப் பிடித்து எழுதியிருந்தால் செம்மீன் வேறு நாவலாக ஆகியிருக்கும். அவர் அதைக் காதலின் நிழலில் வைத்துவிட்டார்.

கொற்கை அந்தச் சரடைத்தான் பிடிக்கிறது. ஜோ டி குருஸ் உவரியில் பிறந்த பரதவர். கப்பல் தொழிலில் இருப்பவர். 'ஆழி சூழ் உலகு' நாவலில் கட்டுமரக்காரர்களை எழுதிய பிறகு, தூத்துக்குடியின் தோணித் தொழிலை எடுத்துக்கொண்டார். 1914இல் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை ஓடும் கதை. ஆயிரம் பக்கங்களுக்கு மேல். பரதவர் தலைவரான பாண்டியபதியின் செல்வாக்கு சரிவது, பாய்மரத் தோணிகள் கொழும்புக்கு ஓடிய காலம், கடலை அறிந்தவன் கையிலிருந்து சரக்கை அறிந்தவன் கைக்குத் தொழில் மாறுவது எனக் கதை விரிகிறது. பாத்திரங்கள் ஏராளம், முதல் இருநூறு பக்கங்களில் யார் யாருக்கு என்ன உறவு என்று புரியாமல் திணற வேண்டியிருக்கும். செம்மீனின் செறிவு இதில் இல்லை என்பது உண்மையான குறைதான். ஆனால் இங்கே கடல் யாரையும் கற்புக்காகத் தண்டிப்பதில்லை. மனிதர் வீழ்வது மனிதர் செய்கையால்.

இது தூத்துக்குடிக் கதை மட்டும் அல்ல. அங்கே ஆழமில்லாத கரை என்பதால் கப்பல்கள் தூரத்தில் நிற்க, சரக்கைத் தோணிகள் கரை சேர்த்தன. துறைமுகம் வளர வளரத் தோணிக்காரரின் தேவை சுருங்கியது. ராயபுரத்துப் படகுக்காரர்களின் கதையும் இதுவே. சென்னையில் துறைமுகம் இல்லாத காலத்தில் மசூலா படகோட்டிகள்தான் அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரையேற்றினார்கள். 1861இல் இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டது. பிறகு அலைதடுப்புச் சுவர்கள் வந்தன. 1881 புயலில் சிதைந்து மீண்டும் எழுந்தன. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அந்தச் சுவர் மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை அரிக்கப்பட்டது. தெருத் தெருவாக வீடுகள் கடலுக்குள் போயின. இன்று அங்கே மணலுக்குப் பதிலாகக் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கறுத்த கரையில் மீன் விற்காமல் உட்கார்ந்திருந்த பெண்களில் யாருடைய கற்பைக் கடலம்மா விசாரித்தாள்?

அதனால்தான் இந்த இரண்டு நூல்களும் மொழி கடந்து போன தூரம் என்னை உறுத்துகிறது. செம்மீனை சாகித்திய அகாதெமிக்காக சுந்தர ராமசாமி தமிழாக்கினார். 1962இல் நூல் வந்தது. 1965இல் வந்த ராமு காரியாட்டின் 'செம்மீன்' படம் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்றது. பல மொழிகளுக்கு அந்த நாவல் போனது. அதோடு கற்பு நம்பிக்கையும் ஊர் ஊராகப் போனது. கொற்கை அந்த அளவுக்குப் பரவவில்லை. பருமன் ஒரு காரணம். வட்டார மொழி இன்னொரு காரணம். ஆயினும் பல மொழிகளுக்கான விருது என்றால், மொழிக்கு ஒரு நூலைத் தேர்ந்து பட்டயம் தருவதோடு வேலை முடியாது. கடினமான நூலைத்தான் முதலில் அக்கரை சேர்க்க வேண்டும்.

காசிமேட்டில் தமிழோடு தெலுங்கும் படகேறுகிறது. ஆந்திரக் கரையிலிருந்து வந்து இங்கே வலை இழுப்பவர்களுக்குச் சொந்தமான கதைதான் கொற்கை. அது அவர்கள் மொழியில் பரவலாகக் கிடைக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செம்மீனின் பெண் கரையில் காத்திருக்கிறாள். என் வாசிப்பில் கொற்கையின் நடுக்களமும் ஆண்களுடையதே: தோணியைச் செலுத்தும் தண்டல்கள், தோணி முதலாளிகள், வியாபாரிகள். காசிமேட்டில் கூடையோடு ஏலத்தில் விலை கேட்டு, கடனுக்கு மீன் எடுத்து, மாலைக்குள் விற்றுப் பணம் கட்டி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வீட்டை நடத்துகிறவள் பெண். அவளை நடுவில் வைத்த நாவல் எதுவும் தமிழில் இதுவரை இந்த விருதைப் பெறவில்லை.