கல்லின் முதுகில் இரண்டு பெயர்கள்

ஜப்பானியத் தோட்டம் அமைப்பதைக் கற்றுத்தரும் கையேடுகளில் சில சொற்கள் தவறாமல் வரும். 'மா' என்கிற வெற்றிடம், 'வாபி-ஸாபி' என்கிற எளிமையின், மூப்பின் அழகு, தூரத்து மலையைத் தோட்டத்துக்குள் இரவல் வாங்கிக்கொள்ளும் 'ஷக்கெய்', அப்புறம் சமச்சீரின்மை. இவற்றை மனப்பாடம் பண்ணிவிட்டால் தோட்டம் கைக்கு வந்துவிடும் என்கிற மாதிரி. இந்தக் கருத்தாக்கங்கள் பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் தோட்டத்தை ஒரு தேசத்தின் 'ஆன்மா' எழுதிய பிரதியாக மட்டும் வாசிக்கும்போது, கல்லைப் புரட்டிய கை அந்தப் பிரதியிலிருந்து காணாமல் போய்விடுகிறது.

கியோத்தோவிலுள்ள ரியோஆன்ஜி மடாலயம் 1450இல் ஹொசோகவா கட்சுமோதோவால் நிறுவப்பட்டது. ஓனின் போரில் (1467–77) எரிந்து மீண்டும் எழுந்தது. அதன் தோட்டம் ஏறக்குறைய 25 மீட்டருக்கு 10 மீட்டர். வாரிவிட்ட வெண்சரளை, ஐந்து தொகுதிகளாகப் 15 கற்கள், கற்களின் அடியில் கொஞ்சம் பாசி. தாழ்வாரத்தில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது மறைந்துகொள்ளும். குட்டிகளோடு ஆற்றைக் கடக்கும் புலி, கடலில் தீவுகள், முழுமை எட்டாத மனம் என்று விளக்கங்கள் குவிந்துகிடக்கின்றன. ஆனால் பின்சுவரை ஒட்டிய ஒரு கல்லின் முதுகில் இரண்டு பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. தாழ்வாரத்திலிருந்து அவை தெரியாது. தோட்டத்தை அமைத்தவர்களே இவர்கள்தான் என்பதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. ஸோவாமி என்ற கலைஞரின் பெயரைச் சொல்வது பழைய வழக்கம். ஆனால் இவை கவராமோனோக்களின் பெயர்கள் என்பதே பரவலான கருத்து.

கவராமோனோ என்றால் ஆற்றுப்படுகைக்காரர்கள். வரி இல்லாத, வெள்ளம் வந்தால் போய்விடுகிற நிலத்தில் குடியிருந்தவர்கள். செத்த மாட்டை உரிப்பது, தோல் பதனிடுவது, கிணறு தோண்டுவது எல்லாம் அவர்கள் தலையில். தீட்டு என்ற சொல்லை நம் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. இவர்களில் தோட்டவேலையில் தேர்ந்தவர்கள் 'ஸென்சுய் கவராமோனோ' எனப்பட்டனர். மலை-நீர் அமைக்கும் ஆற்றுப்படுகைக்காரர்கள்.

பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 'ஸகுதெய்கி' தோட்டக்கலையின் மிகப் பழைய கையேடு. அரசவைப் பிரபு ஒருவர் எழுதியதாகச் சொல்வார்கள். கல் என்ன கேட்கிறதோ அதைக் கேட்டு நட வேண்டும் என்கிறது அது. இன்றைய கையேடுகள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. அதே நூலில் விலக்குகளின் நீண்ட வரிசை ஒன்றும் உண்டு: இயற்கையில் நின்ற கல்லைக் கிடத்தினாலும் கிடந்த கல்லை நிறுத்தினாலும் கேடு சூழும் என்பது அதிலொன்று. ஆக, கல்லைத் தொடுவது ஆபத்தான காரியம். மண்ணைக் கிளறுவதும் அப்படித்தான். அப்படியானால் தொடுவது யார்? ஏற்கெனவே தீட்டுப்பட்டவராக ஒதுக்கப்பட்டவர்தான் தொட முடியும். விலக்கே அவர்களுக்கு அந்த வேலையையும், வேலை வழியாக அறிவையும் கொடுத்தது என்பது என் வாசிப்பு. பதினைந்தாம் நூற்றாண்டில், எந்தக் கல் எங்கே கிடக்கிறது, எந்த மரத்தை வேரோடு பெயர்த்தால் பிழைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. பிரபுவின் ஏட்டறிவு, ஒதுக்கப்பட்டவனின் கையறிவாக இடம் மாறிவிட்டது.

இவர்களில் பெரிய பெயர் ஸென்னாமி (இறப்பு 1482). ஷோகன் அஷிகாகா யொஷிமாஸாவுக்குப் பிடித்தமானவர். அவர் நோயில் கிடந்தபோது ஷோகனே மருந்து அனுப்பியதாகப் பதிவு இருக்கிறது. இதை வைத்துக் கலை சாதியைக் கடந்தது என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுக்கலாம். அவர் பேரன் மாதாஷிரோ 1489இல் ஒரு பிக்குவிடம் மனம்விட்டுப் பேசினார். கொலைத்தொழில் குடியில் பிறந்ததை எண்ணி வருந்துவதாகவும், அதனால் உயிர்களைக் கொல்வதில்லை, பொருளுக்கு ஆசைப்படுவதில்லை என்று உறுதி பூண்டிருப்பதாகவும் சொன்னார். கெய்ஜோ ஷூரின் என்ற அந்தப் பிக்கு இதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். மூன்றாம் தலைமுறை, ஷோகனின் தயவு, தலைநகரின் முதல்தரத் தோட்டங்கள் எல்லாம் இருந்தும் அவமானம் போகவில்லை. தன்னை ஒதுக்கிய தர்மத்தின் மொழியிலேயே அவர் தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

'ஜென் தோட்டம்' என்ற பெயரோ மிகவும் பிந்தியது. லொரேன் கக் என்ற அமெரிக்கப் பெண்மணி 1935இல் எழுதிய நூலில்தான் ஆங்கிலத்தில் அந்தத் தொடர் முதலில் வருகிறது என்று வைபே கைட்டெர்ட் காட்டியிருக்கிறார். 1799இல் அச்சான கியோத்தோத் தோட்டங்களின் படநூலில் ரியோஆன்ஜிக்கு வந்தவர்கள் தோட்டத்துக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்! அசையாமல் உட்கார்ந்து தியானிக்கும் பார்வையாளர் பிற்காலத்துப் புனைவு.

ஒதுக்கப்பட்ட சாதிகளின் அடையாளம் 1871இல் சட்டப்படி நீக்கப்பட்டது. காகிதத்தில் மட்டும். 1922இல் கியோத்தோவிலேயே சுயிஹெய்ஷா என்ற சமத்துவ இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. 1994இல் ரியோஆன்ஜி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லின் முதுகிலிருக்கும் முதல் பெயர் கொதாரோ. இரண்டாவது பெயரின் முதல் எழுத்து தேய்ந்துவிட்டதால், ஸெய்ஜிரோ என்கிறார்கள் சிலர், ஹிகோஜிரோ என்கிறார்கள் வேறு சிலர்.